அஸ்மா (ரலி) அவர்களின் வீட்டுக் கணக்கு

அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மூத்த மகளார் அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றிப் பயான்களில் பேசும்போது பெரும்பாலும் இரண்டு சம்பவங்களையே சொல்கிறோம். ஹிஜ்ரத்தின்போது தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்து, நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தைக்கும் பயண உணவைக் கட்டிக் கொடுத்தது ஒன்று. முதுமையில், மகன் அப்துல்லாஹ் (ரலி) கொல்லப்பட்ட பிறகு, ஹஜ்ஜாஜின் முன்னால் அஞ்சாமல் பேசியது மற்றொன்று. முதலாவது நடந்தது கி.பி. 622இல். இரண்டாவது 692இல். இடையில் 70 ஆண்டுகள்.

அந்த 70 ஆண்டுகளில் அவர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள், மாவு பிசைந்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், வந்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினார்கள். இந்தப் பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. மாதக் கடைசியில் கையைப் பிசைந்து நிற்கும் நம் குடும்பங்களுக்கோ இதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

பணம் இல்லாத பொந்து

அபூபக்கர் (ரலி) மக்காவின் வசதியான வணிகர்களில் ஒருவர். ஹிஜ்ரத் புறப்பட்டபோது கையில் மிச்சமிருந்த ஐந்தாறாயிரம் திர்ஹம்களையும் எடுத்துக்கொண்டே சென்றார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். பணம் இல்லை.

அபூபக்கரின் தந்தை அபூகுஹாஃபா அப்போது பார்வை இழந்த முதியவர், இஸ்லாத்தையும் ஏற்றிருக்கவில்லை. மகன் தானும் போய், பணத்தையும் கொண்டு போய்க் குடும்பத்தைத் தவிக்க விட்டுவிட்டாரே என்று பதறி வந்தார். அஸ்மா (ரலி) சில கற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். தந்தை வழக்கமாகப் பணம் வைக்கும் சுவர்ப் பொந்தில் அவற்றை வைத்து ஒரு துணியால் மூடினார்கள். பாட்டனாரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்கள். தடவிப் பார்த்த கிழவர் நிம்மதியுடன் போனார்.

வீட்டில் பணம் தீர்ந்துபோவது ஒரு கஷ்டம். அந்தக் கஷ்டம் வீட்டிலுள்ள முதியவர்களையும் பிள்ளைகளையும் கலங்கடிப்பது இன்னொரு கஷ்டம். முதல் கஷ்டத்தைத் தீர்க்க அஸ்மாவிடம் வழி இல்லை. இரண்டாவது கஷ்டம் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. அதைச் செய்தார்கள்.

ஒரு குதிரையும் ஒரு ஒட்டகமும்

அவர்களின் கணவர் ஸுபைர் பின் அவ்வாம் (ரலி), சுவனத்துக்கு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். மணமுடித்தபோது அவரிடம் நிலமில்லை, பணமில்லை, வேலையாள் இல்லை. ஒரு குதிரையும், தண்ணீர் இறைக்கும் ஒட்டகம் ஒன்றும்தான் சொத்து. நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் செய்த அஸ்மா (ரலி), குபாவில் அப்துல்லாஹ்வைப் பெற்றெடுத்தார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அவர்.

மக்காவில் வசதியாக வாழ்ந்த பெண்மணி இங்கே குதிரைக்குத் தீனி போட்டார்கள். ஒட்டகத்துக்காகப் பேரீச்சங்கொட்டையை இடித்தார்கள். கிழிந்த தோல் வாளியைத் தைத்தார்கள். மாவு பிசைந்தார்கள். ஆனால் ரொட்டி நன்றாகச் சுட வராது. பக்கத்து வீட்டு அன்சாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள். தமக்கு ரொட்டி சுடத் தெரியாது என்பதையும், அந்தப் பெண்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பதையும் அஸ்மா (ரலி) தாமே பின்னாளில் எடுத்துச் சொன்னார்கள். அது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. எல்லாமே தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் இல்லத்தரசிக்கு இதில் ஆறுதல் இருக்கிறது. தெரியாததை அண்டை வீட்டாரிடம் சொல்வதில் குறைவு எதுவும் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் ஸுபைருக்கு ஒரு நிலம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைப் பொறுக்கி, தலையில் சுமந்து நடந்தே வருவார்கள். ஒருநாள் வழியில் நபி (ஸல்) அவர்கள் அன்சாரிகள் சிலருடன் எதிரே வந்தார்கள். அவர் சிரமப்படுவதைப் பார்த்து, தம் பின்னால் ஏற்றிக்கொள்வதற்காக ஒட்டகத்தை மண்டியிட வைத்தார்கள். ஆண்களோடு செல்ல அஸ்மா (ரலி) வெட்கப்பட்டார்கள். கணவரின் ரோஷ குணமும் நினைவுக்கு வந்தது. அவர்கள் தயங்குவதைப் புரிந்துகொண்டு நபி (ஸல்) அவர்கள் சென்றுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கணவரிடம் மறைக்காமல் சொன்னார்கள். ரோஷக்காரரான ஸுபைர் (ரலி), மனைவி நபியவர்களுடன் ஏறி வருவதை விட, தலையில் கொட்டை சுமந்து வருவதுதான் தமக்கு அதிகம் பாரமாக இருப்பதாகச் சொன்னார். மனைவியின் தலைச்சுமையைக் கணவர் கண்டுகொண்டார் என்பது இதில் கவனிக்க வேண்டியது. பின்னர் அபூபக்கர் (ரலி) ஒரு பணியாளரை அனுப்பி, குதிரையைப் பராமரிக்கும் வேலையை மகளின் தோளிலிருந்து இறக்கினார்கள். தமக்கே விடுதலை கிடைத்ததைப் போல உணர்ந்ததாக அஸ்மா (ரலி) சொன்னார்கள்.

நம் வீடுகளில் கணவரின் சம்பளம் மட்டும்தான் வருமானமாக எழுதப்படுகிறது. வீட்டில் ஒரு பெண் காலையிலிருந்து இரவு வரை செய்யும் வேலை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உத்தம ஸஹாபியும் அவரது மாமனாரும் அந்த வேலையைப் பார்த்தார்கள். பாரம் என்று ஒப்புக்கொண்டார்கள். குறைக்க வழி செய்தார்கள்.

வீட்டு நிழலில் ஒரு கடை

ஸஹீஹ் முஸ்லிமில் இன்னொரு சம்பவம் வருகிறது. ஓர் ஏழை மனிதர் அஸ்மா (ரலி) அவர்களிடம் வந்து, அவர்கள் வீட்டு நிழலில் அமர்ந்து வியாபாரம் செய்து பிழைக்க அனுமதி கேட்டார். தாம் அனுமதித்துவிட்டுக் கணவர் மறுத்தால் சங்கடமாகிவிடும். அதனால் ஸுபைர் வீட்டில் இருக்கும்போது வந்து கேட்கும்படி அனுப்பினார்கள். அந்த மனிதர் அப்படியே வந்து கேட்டார். மதீனா முழுவதிலும் இந்த வீட்டு நிழல்தான் கிடைத்ததா என்பதுபோல அஸ்மா (ரலி) மறுத்துப் பேசினார்கள். ஸுபைர் (ரலி) உடனே குறுக்கிட்டு, ஒரு ஏழை பிழைப்பதை ஏன் தடுக்கிறாய் என்று மனைவியைக் கேட்டார். கடை வந்துவிட்டது. அந்த மனிதரும் வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தார்.

பிறகு, அடிமை முறை இருந்த அக்கால வழக்கப்படி, அஸ்மா (ரலி) தம்மிடமிருந்த பணிப்பெண்ணை அவருக்கு விற்றார்கள். பணம் மடியில் இருக்கும்போதே ஸுபைர் (ரலி) உள்ளே வந்து அதைத் தமக்குத் தரும்படி கேட்டார். அதை ஸதகாவாகக் கொடுத்துவிட்டதாக அஸ்மா (ரலி) பதில் சொன்னார்கள்.

கணவரின் குணம் தெரிந்து, சண்டையில்லாமல் ஒரு ஏழைக்கு வழி திறந்தார்கள். தமக்கு உரிய பணம் என்று வந்தபோது தாமே முடிவெடுத்தார்கள். மனைவியின் பொருள் மனைவிக்கு உரியது என்ற மார்க்கச் சட்டம் அந்த வீட்டில் நடைமுறையாக இருந்தது. மஹர் நகையை மனைவியிடம் கேட்காமலே அடகுக் கடைக்குக் கொண்டு போகும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

சேர்த்துக் கொடுத்தவரும் உடனே கொடுத்தவரும்

ஸுபைர் கொண்டு வந்து தருவதைத் தவிரத் தம்மிடம் வேறு எதுவும் இல்லை, அதிலிருந்து தர்மம் செய்யலாமா என்று அஸ்மா (ரலி) ஒருமுறை நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். இயன்றதைக் கொடுக்கும்படியும், பையின் வாயைக் கட்டி வைத்தால் அல்லாஹ்வும் அவ்வாறே தடுத்துக்கொள்வான் என்றும் நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரை அவர்களின் வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது.

மகன் அப்துல்லாஹ் (ரலி) தம் தாயையும் சிற்றன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் ஒப்பிட்டுச் சொன்னார். இருவரையும் விடக் கொடைத்தன்மை மிக்க பெண்களை அவர் கண்டதில்லை. ஆனால் முறை வேறு. ஆயிஷா (ரலி) சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். ஒரு தொகை சேர்ந்ததும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அஸ்மா (ரலி) நாளைக்கென்று எதையும் எடுத்து வைக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் சேமிப்பது தவறா? இல்லை. நபி (ஸல்) அவர்களே தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீஸ் இருக்கிறது. சேர்ப்பவரும் சரி, உடனே கொடுப்பவரும் சரி, பொருள் எங்கே போகிறது என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வீண் செலவு இரண்டு வழியிலும் இல்லை. ஆயிஷா போல இருக்கலாம், அஸ்மா போல இருக்கலாம். போன சம்பளம் எங்கே போனது என்றே தெரியாமல் இருப்பது இந்த இரண்டிலும் சேராது.

நேரத்தின் கணக்கு

இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் அஸ்மா (ரலி) வணக்கத்தை விட்டுவிடவில்லை. சூரிய கிரகணத் தொழுகையில், மயக்கம் வரும் அளவுக்கு நெடுநேரம் நின்றார்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தொழுகையைத் தொடர்ந்தார்கள். பிற்காலத்தில் ஹஜ்ஜில் முஸ்தலிஃபாவில் தங்கியிருந்த இரவில், சிறிது நேரம் தொழுவார்கள். நிலவு மறைந்துவிட்டதா என்று உடனிருந்த பணியாளரைக் கேட்பார்கள். இல்லை என்றதும் மறுபடியும் தொழுவார்கள். மறைந்துவிட்டது என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். காத்திருக்கும் நேரம் தொழுகையில் கழிந்தது. புறப்படும் நேரமும் தவறவில்லை. நமக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் கைபேசியில் கழிகிறது.

வீட்டுக்குத் தெரிந்த கடன்

ஸுபைர் (ரலி) ஹிஜ்ரி 36இல் ஜமல் போரையொட்டிக் கொல்லப்பட்டார்கள். அஸ்மா (ரலி) அதற்கு முன்பே மணவிலக்குப் பெற்று மகனுடன் வாழ்ந்து வந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். போர் நாளன்று ஸுபைர் (ரலி) மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தமக்குப் பெரிய கவலை கடன்தான் என்றும், சொத்தை விற்று அதை அடைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கஷ்டம் வந்தால் அல்லாஹ்விடம் உதவி கேட்கச் சொன்னார்கள்.

கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சம். ஆடம்பரத்தால் வந்த கடன் அல்ல. மக்கள் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதம் கவனக்குறைவின்றித் தொலைந்தால் வைத்தவருக்குத்தான் இழப்பு. கடனாக வாங்கினால் எப்படியும் திருப்பித் தந்தாக வேண்டும். அவர்கள் பணத்துக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்காக ஸுபைர் (ரலி) கடனாகவே ஏற்றுக்கொண்டார்கள். கையில் ரொக்கம் இல்லை. நிலமும் வீடுகளும் இருந்தன. 1,70,000க்கு வாங்கிய காபா நிலம் 16 லட்சத்துக்கு விலைபோனது. 4 லட்சம் வர வேண்டிய அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அதைத் தள்ளுபடி செய்ய முன்வந்தும் மகன் ஏற்கவில்லை. அதற்கு ஈடாக நிலம் கொடுத்தார்.

கடன் அடைந்ததும் வாரிசுகள் பங்கு கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) உடனே பிரிக்கவில்லை. தம் தந்தை யாருக்காவது கடன்பட்டிருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவித்தார். அதன் பிறகே பாகப்பிரிவினை. குபாவில் பிறந்து, தலையில் கொட்டை சுமந்த தாயின் மடியில் வளர்ந்த பிள்ளை அவர்.

நம்மில் பலரின் கடன் ஜனாஸா வீட்டில்தான் தெரிய வருகிறது. வட்டிக்கு வாங்கியது, நண்பருக்கு ஜாமீன் போட்டது, சீட்டுப் பணம், நகைக்கடன் எல்லாம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அன்றுதான் முதல் செய்தி. வாரிசுரிமைக்கு முன்னால் கடன் அடைக்கப்பட வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டுமானால், உயிரோடு இருக்கும்போதே கணக்கு வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று இரவு ஒரு தாளில், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று எழுதி மனைவியிடம் காட்டுங்கள். ஸுபைர் (ரலி) போர்க்களத்தில் செய்ததை நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யலாம்.

ஹிஜ்ரி 73இல், மகன் கொல்லப்பட்ட சில நாட்களில், அஸ்மா (ரலி) அவர்கள் மறைந்தார்கள். வயது நூறை ஒட்டியிருந்தது. கண்பார்வை போயிருந்தது. நாளைக்கென்று அவர்கள் எடுத்து வைக்காதவை எல்லாம் மறுமைக்கென்று சேர்ந்திருக்கும். அல்லாஹ் நம் இல்லங்களின் வருமானத்தில் பரக்கத்தையும், கொடுக்கும் மனதையும், கடன் இல்லாத மரணத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.