மூடுபனிப் பாலையிற் புள்ளினம் பயின்ற அம்மையார்

பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துத் தோன்றும் நிலையே பாலை எனக் கொள்ளுதல் தமிழ்ப் புலவர் மரபு. அதற்கு நேர்மாறாக, பாலையே ஆண்டுதோறும் சில திங்கள் முல்லைபோற் பசுமை கொள்ளும் நிலமொன்று தென்னமெரிக்காவின் மேலைக் கரையிலே, பெரு நாட்டில் உண்டு. அந்நிலத்தின் புள்ளினங்களை ஆண்டுக்கணக்காக நின்று கண்டு, அந்நாட்டார் அறியும்படி எழுதி வைத்தவர் மரியா கெப்கே என்னும் அம்மையார். விமான விபத்தில் மாண்ட தாய் என்ற அளவிலேயே அவரைக் கேள்விப்பட்டோர் பலர். அவர் உயிர் நீத்தவாற்றினும் அவர் வாழ்ந்தவாறே நாம் அறிதற்குரியது என்பது என் கருத்து.

அம்மையார் 1924ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் பிறந்தார். கீல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1949இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் மணக்கவிருந்த ஹான்ஸ் வில்ஹெல்ம் கெப்கேயும் விலங்கியலறிஞரே. போரால் நலிந்த தாய்நாட்டை நீங்கி அவர் முன்னரே பெரு நாடு சென்றிருந்தார். 1950இல் அம்மையாரும் கடல் கடந்து சென்று, தலைநகராகிய லீமாவில் அவரை மணந்தார். சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்கை வரலாற்று நூதனசாலை இருவர்க்கும் பணிக்களமாயிற்று. மிராபுளோரெஸ் பகுதியிலிருந்த அவர்கள் மனை, வந்துபோகும் ஆய்வாளர்க்கெல்லாம் தங்குமிடமாகி, ஹம்போல்ற் இல்லம் எனப் பெயர் பெற்றது.

இனி, அவர் கால் பதித்த நிலத்தின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். பெரு நாட்டின் கரையோரமாக ஓடும் ஹம்போல்ற் நீரோட்டம் குளிர்ந்தது. அதன்மேற் படியும் காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழவே தங்குகின்றது. அதற்கு மேலே வெப்பக் காற்று மூடிபோற் கவிந்து நிற்றலால், நீராவி உயர்ந்து சென்று மழையாதற்கு வழியில்லை. ஆதலின் லீமா நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் ஓர் அங்குலம் தேறாது. எனினும், அங்குக் குளிர்காலமாகிய யூன் முதல் ஒக்டோபர் வரையான திங்களிற் கடலினின்றெழும் மூடுபனி கரையோரக் குன்றுகளில் வந்து மோதுகின்றது. மரக்கிளையும் பாறையும் அதன் நுண்டுளிகளைப் பற்றிச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறக்குகின்றன. மணலினுள் உறங்கிய விதைகளும் கிழங்குகளும் அந்த ஈரத்தால் விழிக்கின்றன. அமன்காயெஸ் என்னும் பொன்னிற மலர் பூக்கின்றது. இவ்வாறு பசுமை பூணும் குன்றுகளை அந்நாட்டார் லோமாஸ் என்பர். பனி நீங்கியதும் அவை மீண்டும் வெறும் புழுதியாகும்.

இத்தகைய நிலத்தில் பறவைக்கு என்ன வாழ்வு உண்டு என்று வினவத் தோன்றும். உண்டு, அதுவும் நுட்பமானது. மண்ணின் நிறமே தன் நிறமாகத் தரையிலோடி, வளை குடைந்து கூடு வைக்கும் சிறு குருவியினங்கள் வறண்ட காலத்திலும் அங்கு இரை தேடுகின்றன. வளைகளில் வாழும் ஆந்தை பகலிலும் வாயிலில் நின்று காவல் செய்கின்றது. பசுமை வந்தவிடத்து, பெரு நாட்டிலன்றி வேறெங்கும் காணப்படாத மஞ்சட் குருவியொன்று விதை தேடிக் கூட்டங் கூட்டமாக வருகின்றது. அந்நாட்டை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் ரைமொண்டியின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. எப்பறவை நிலையாக உறைவது, எது பனியோடு வந்து பனியோடு போவது, எது எந்த உயரத்தில் எச்செடியைச் சார்ந்து வாழ்வது என்பன ஒருநாட் பார்வையில் விளங்குவன அல்ல. பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தாலன்றி அவை புலப்படா.

அம்மையார் செய்தது அதுவே. 1953இற் கணவரோடு சேர்ந்து பெரு நாட்டின் ஈரக்காற்றுப் பாலைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். அடுத்த ஆண்டில், கடற்கரையிலிருந்து அந்தீஸ் மலைவரை நிலத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாற்போல, ஒவ்வோர் உயரத்திலும் வாழும் பறவைகளை நிரல்படுத்தி எழுதினார். லீமாவுக்குக் கிழக்கே மலைச்சரிவில் எஞ்சியிருந்த சாராத்தே என்னுஞ் சிறு காட்டில், அதுவரை அறிவியலார் அறியாத வெண்கன்னப் பறவையொன்றை இனங்கண்டு, அக்காட்டின் பெயராலேயே 1954இல் அதற்குப் பெயரிட்டார். 1959இல், வறண்ட சரிவுகளிலே கள்ளிச் செடிகளைச் சார்ந்து வாழும் பழுப்புக் குருவியொன்றையும் புதிய இனமென நிறுவினார். பலர் நாளும் கடந்து சென்ற வெறுநிலத்திலே புதியன கண்டமை அவர் பார்வையின் கூர்மைக்குச் சான்று.

இவற்றினும் சிறந்ததாக யான் மதிப்பது, 1964இல் அவர் வெளியிட்ட லீமா மாவட்டப் பறவைகள் பற்றிய நூல். அதனைத் தம் தாய்மொழியாகிய ஜேர்மன் மொழியில் எழுதாது, அந்நாட்டார் வழங்கும் ஸ்பானிய மொழியிலே எழுதினார். படங்களையும் தம் கையாலேயே வரைந்தார். கடற்கரை, ஆற்றுப்படுகை, லோமாஸ், மலைச்சரிவு என நிலம் பார்த்துப் பறவையை அறிதற்கு அது வழிகாட்டியது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1970இலேயே வந்தது. உள்ளூரார்க்குரிய நூல் முதலிலும், உலகத்தார்க்குரிய நூல் பின்னரும் வந்த இவ்வரிசை கருதத்தக்கது. ஒரு மாவட்டத்தின் அளவில் நின்று, அங்குள்ளவற்றை அங்குள்ளார் மொழியிற் செவ்வனே சொல்லுதல் சிறுபணி என்று எண்ணுவார் உளர். மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் தொழிலில் உள்ள யான் அதனைப் பெரும்பணி என்றே கொள்வேன். தூரதேசத்துப் பறவையின் பெயரை மனனஞ் செய்த பிள்ளைக்குத் தன் வேலியில் அமரும் குருவியின் பெயர் தெரியாதாயின், அக்கல்வியிற் குறையுண்டு.

1968இற் கணவனும் மனைவியும் அமேசன் மழைக்காட்டிற் பங்குவானா என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவினர். அவர்களின் ஒரே மகளாகிய யூலியானாவும் அங்கு வாழ்ந்து காட்டின் இயல்பைக் கற்றாள். 1971 டிசம்பர் 24ஆம் நாள், பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு வயது மகளுடன் அம்மையார் லீமாவிலிருந்து புக்கல்பா நோக்கி விமானமேறினார். இடி மின்னலில் அகப்பட்டு விமானம் வானிலேயே சிதறியது. அதிலிருந்த 92 பேரில் 91 பேர் மாண்டனர். அம்மையாரும் தமது நாற்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார். தப்பியவள் மகள் ஒருத்தியே. காயங்களோடு காட்டினுள் வீழ்ந்த அவள், நீரோடையைப் பின்பற்றினால் மனிதர் வாழுமிடம் வரும் என்று பெற்றோர் கற்பித்ததை நினைந்து நடந்தாள். வழியில் ஹொவாற்சின் என்னும் பறவையின் குரல் கேட்டது. அப்பறவை திறந்த நீர்நிலையின் அருகிலேயே கூடு வைப்பது என்பதை அவள் அறிந்திருந்தாள். குரல் வந்த திசையிற் சென்று ஆற்றை அடைந்தாள். பதினொரு நாள் அலைந்த பின் மரம் வெட்டுவோராற் காக்கப்பட்டாள். தாய் தேடிய கல்வி மகளுக்கு உயிராயிற்று.

அம்மையார் மறைந்து ஐந்தாண்டுக்கு மேற் கழிந்தபின், 1977இல், லீமாவுக்கு வடக்கே ஏறக்குறைய 105 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லாச்சாய்க் குன்றுகள் தேசிய ஒதுக்கிடமாக்கப்பட்டன. 5,070 ஹெக்டேர் பரப்புள்ள அந்த மூடுபனி நிலத்தை அவர் காவல் பெற்றதாகக் காணக் கிட்டவில்லை. சாராத்தே காட்டுக்கும் 2010இற் காப்புக் கிடைத்தது. ஓர் ஆந்தையும், ஒரு ரீங்காரச் சிட்டும், மழைக்காட்டுக் கரும்பறவையொன்றும் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன. எனினும் லீமாவைச் சூழ்ந்த வேறு பல குன்றுகளிற் குடியேற்றம் ஏறி, பசுமை குறைந்து வருகின்றது. ஆண்டில் பாதிக்கு மேல் வெறும் புழுதியாகக் கிடக்கும் நிலத்தை வெற்றிடமென்று கருதி அழித்தல் எளிது. அது வெற்றிடமன்று என்று காட்டுதற்கு, பனிக்காலத்திற் சென்று எண்ணிப் பார்த்து எழுதிய ஒருவர் வேண்டும். அவ்வெழுத்து இருந்தமையாலேயே அங்கு இருப்பது இன்னதென்றும் இழப்பது இன்னதென்றும் பின்வந்தோர் அளந்தறிய முடிகின்றது. நம் ஊர்க் குளத்துக்கும் வெளிக்கும் வரும் புள்ளினங்களை நாள் குறித்து எழுதிவைக்க ஆசிரியரும் மாணவரும் முற்படுவாராயின், அம்மையாரைப் போற்றுதற்கு அதனினும் தக்க வழி வேறில்லை.