கோர்ட்டில் கேட்ட திருப்புகழ்



இன்னைக்கு எழுதப் போறது சித்தரைப் பத்தி இல்லை, சாமியாரைப் பத்தியும் இல்லை. காவி கட்டாதவர், மலைக்குகையில் உட்காராதவர். கோர்ட் உத்தியோகம் பார்த்து, கல்யாணம் கட்டி, பிள்ளைகளை வளர்த்து, வேலை முடிஞ்ச நேரத்துல முருகனுக்குத் தொண்டு செஞ்ச ஒரு குடும்பஸ்தர். பெயர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. உங்க போன்ல திருப்புகழ் ஆப் இருக்குல்ல? அதுல இருக்கிற பாட்டெல்லாம் நம்ம கைக்கு வந்து சேர்ந்த பாதையில முதல் ஆள் இவர்தான். ஆனா எந்த ஃபார்வர்டிலும் இவர் பேரைப் பார்த்ததில்லை. எனக்கு அது ரொம்ப நாளாவே ஒரு ஆதங்கம்.

1846-இல் செங்கல்பட்டுப் பக்கம் வடக்குப்பட்டு கிராமத்தில் பிறந்தவர். நீதித்துறையில் சேர்ந்து பிற்பாடு மாவட்ட முன்சீப் வரை உயர்ந்தவர். அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட சம்பவம் நடந்தது 1871-இல். அப்போ அவருக்கு இருபத்தைந்து வயசு. இதைப் படிக்கிற உங்கள்ல பல பேருக்கு இருக்கிற வயசுதான்.

இடம், கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட். சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு. தில்லை மூவாயிரவர் எவ்வளவு மேன்மையானவர்கள் என்று காட்ட அவர்கள் தரப்பில் பல நூல்களிலிருந்து ஆதாரம் கொடுத்தாங்க. அதுல ஒண்ணு திருப்புகழ். வேதம் ஓதி வேள்வி செய்கிற அந்த மூவாயிரவரை அருணகிரிநாதர் பாடியிருக்கிற சிதம்பரப் பாட்டு. கோர்ட்டுக்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். பிள்ளைக்கு அப்படி இல்லை. அந்தச் சந்தமும் தமிழும் அவரை அப்படியே பிடிச்சுக்கிச்சு. ஒரு பாட்டே இப்படின்னா மத்ததெல்லாம் எங்கேன்னு தேட ஆரம்பிச்சார்.

அருணகிரியார் பாடினது பதினாறாயிரம்னு வழிவழியாச் சொல்வாங்க. அன்னைக்கு அதெல்லாம் ஒரே இடத்துல கிடையாது. ஒரு மடத்துல பத்து, ஒரு ஓதுவார் வீட்டுப் பரண்ல இருபது, யாரோ ஒரு பாட்டியின் வாயில இரண்டு என்று சிதறிக் கிடந்தது. ஓலைக்கு ஆயுசு குறைவு. செல் அரிக்கும், ஈரம் பட்டால் உதிரும். யாராவது பார்த்து வேற ஓலையில எழுதினாத்தான் பாட்டு பிழைக்கும்.

நான் மரக்காணத்துக்காரன். எங்க ஊர் உப்பளத்துல இது தினம் பார்க்கிற கதை. பாத்தியில தண்ணி கட்டி, நாள்கணக்கா வெயிலைப் பார்த்துக் காத்திருந்து விளைய வெச்ச உப்பு, வாரிக் குவிச்சு மூடறதுக்குள்ள ஒரு மழை அடிச்சா போச்சு. நல்ல உப்பா இருந்தாலும் மழைக்குத் தெரியாது. வாரி எடுக்க ஆள் வரணும், அதுவும் நேரத்துக்கு வரணும். திருப்புகழுக்கு அப்படி நேரத்துக்கு வந்த ஆள் பிள்ளை.

உத்தியோகத்தையும் விடலை, தேடறதையும் விடலை. தென்னாட்டுல எங்க ஏடு இருக்குன்னு கேள்விப்பட்டாலும் அதைத் தேடினார். கிடைச்ச ஏட்டைப் படிக்கிறது இன்னொரு பாடு. பழைய ஓலையில மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. குறில் எகரமா நெடில் ஏகாரமான்னு தெரியாது. கால் எது, ரகரம் எதுன்னு பிரிக்க முடியாது. ஒரே வரியை நாலு விதமா வாசிக்கலாம்! இங்கதான் அருணகிரியாரே கை கொடுத்தார்னு நான் நினைக்கிறேன். திருப்புகழ்ல சந்தம் ரொம்பக் கறார். ஒரு எழுத்து தப்பினாலும் தாளம் தட்டும், காது காட்டிக் கொடுத்துடும். ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தும் வேலையில் சிவசிதம்பர முதலியார் துணை நின்றார்.

முதல் தொகுதி அச்சாகி வந்தது 1894-இல். கோர்ட்டில் அந்தப் பாட்டைக் கேட்டதுக்கும் இதுக்கும் நடுவுல 23 வருஷம்! இரண்டாம் தொகுதி 1901-இல். நாம மூணு நாள்ல ஒரு வேண்டுதல் பலிக்கலைன்னா முருகன் கிட்ட கோவிச்சுக்கிறோம்.

எங்க அப்பா உப்பளக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. பங்குனி வெயில்தான் உப்பு நல்லா விளையற காலம், ஒரு நாள் போனாலும் கூலி போச்சு. ஆனாலும் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகாம இருந்ததே இல்லை. அந்த மலையையும் அருணகிரியார் பாடியிருக்கார். அங்க வர்ற பஜனை கோஷ்டியோட உட்கார்ந்து, கேட்டுக் கேட்டே இரண்டு திருப்புகழ் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தார். பாத்தியில உப்பு வாரும்போது அதைத்தான் முணுமுணுப்பார். அந்தக் கோஷ்டித் தலைவர் கையில அட்டை கிழிஞ்ச ஒரு புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகத்தின் பூர்வீகத்தைத் தேடிக்கிட்டே போனா கடைசியில மஞ்சக்குப்பம் கோர்ட்டுலதான் போய் நிக்கும். அதே தென்னார்க்காடு ஜில்லாவிலதான் அன்னைக்கு எங்க மரக்காணமும் இருந்தது. முன்சீப் ஐயா எங்கே, எங்க அப்பா எங்கே!

பிள்ளைக்குத் திருத்தணி முருகன்தான் உயிர். மகனுக்கு அந்த சாமி பேரையே வெச்சார், செங்கல்வராயன்னு. இன்னொரு மகன் சண்முகம். 1909 ஏப்ரலில் பிள்ளை காலமானார். அவர் விட்ட இடத்துல இருந்து இரண்டு மகன்களும் பதிப்பு வேலையைத் தொடர்ந்தாங்க. பொதுவா அப்பா சேர்த்து வெச்ச புத்தகத்தைப் பிள்ளைங்க பழைய பேப்பர் கடைக்குப் போடறதைத்தான் பார்த்திருக்கோம்!

1883-இல் பிறந்த செங்கல்வராய பிள்ளையும் அப்பா மாதிரியே அரசாங்க உத்தியோகம்தான், பதிவுத்துறை. ஆபீஸ் முடிஞ்சா திருப்புகழ். 1947-இல் அருணகிரிநாதரின் வரலாறும் நூலாராய்ச்சியுமா ஒரு புத்தகம் கொண்டு வந்தார். முருகவேள் பன்னிரு திருமுறைன்னு தொகுத்து உரையும் எழுதினார். தணிகைமணின்னு சொன்னா பெரியவங்களுக்குத் தெரியும், அது இவர்தான்.

டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கிட்டு ஏறுவாங்களே, 365 படி, அந்த வழக்கத்தைத் தொடங்கி வெச்சவர் வள்ளிமலை சுவாமிகள். அவரைப் பத்தி அடுத்த பதிவுல எழுதறேன். அதுவரைக்கும், இந்த வருஷம் படி ஏறப் போறவங்க யாராவது ஒரு படியில வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை பேரையும் நினைச்சுக்கோங்க.

வேலும் மயிலும் துணை.