கிரிபயேதோவ்: நாடகமும் உடன்படிக்கையும்

ரஷ்ய இலக்கிய வரலாற்றில் ஒற்றை நாடகத்தால் நிலைபேறு பெற்றவர் அலெக்சாண்டர் செர்கேயேவிச் கிரிபயேதோவ். அவருடைய வாழ்வை எழுதுவோர் நாடக ஆசிரியரை ஒருபுறமும் பாரசீகத் தூதரை மறுபுறமும் நிறுத்தி, பின்னவர் முன்னவரை விழுங்கிவிட்டதாக இரங்குவது வழக்கம். அவ்விரக்கம் முற்றும் பொருந்துவதன்று. அவருடைய உயிரைப் பறித்த நிகழ்வும், அவர் கைபட்ட ஓர் ஆவணத்தின் வாசகத்திலிருந்தே முளைத்தது.

மாஸ்கோவில் உயர்குடியிற் பிறந்த அவருக்குப் பிறப்பாண்டு 1795 என்பது பெருவழக்கு. 1790 எனக் கொள்வாரும் உளர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் சட்டமும் பயின்றார். 1812இல் நெப்போலியன் படையெடுத்தபோது குதிரைப்படையில் சேர்ந்தும் போர்க்களம் காணும் வாய்ப்பு அமையவில்லை. 1817இல் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியுறவுத் துறையில் பணியேற்றார்; அதே ஆண்டில் அங்குச் சேர்ந்த மற்றோர் இளைஞர் புஷ்கின். அவ்வாண்டின் இறுதியில், நடனமங்கை ஒருத்தியை முன்னிட்டு இருவர் துப்பாக்கியால் பொருத போட்டியில், ஒருவருக்குத் துணையாளராக நின்றார். எதிர்த்து நின்றவர் உயிரிழந்தார். நகரெங்கும் வம்புரை பரவியிருந்த நிலையில், 1818இல் பாரசீகத் தூதுக்குழுவின் செயலர் பதவி கிட்டியது. அதனை அவர் விரும்பி ஏற்கவில்லை. செல்லும் வழியில் திஃப்லிஸ் நகரில், பழைய பூசலின் தொடர்ச்சியாக யாகுபோவிச் என்பாருடன் பொருது கையில் குண்டடி பட்டார்.

தப்ரீஸ் நகரில் அவர் பாரசீக மொழியைக் கற்றார். 1819இல், போரில் பிடிபட்டும் படையை விட்டு ஓடியும் பாரசீகத்தில் தங்கிவிட்ட ரஷ்யப் படைவீரர் பலரைத் திரட்டி, இடையூறுகளுக்கிடையே தாமே திஃப்லிஸுக்கு அழைத்து வந்தார். அயல்மண்ணில் சிக்கியோரை மீட்டல் அரசின் கடன் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியமைக்கு இந்நிகழ்வே முதற்சான்று. தெஹ்ரானில் அவர் காட்டிய உறுதியை இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

1822இல் திஃப்லிஸில் தளபதி யெர்மோலோவின் அலுவலகத்துக்கு மாறினார். 'அறிவால் வந்த துன்பம்' என்னும் நாடகம் அங்கு உருப்பெறத் தொடங்கி, நெடுவிடுப்பில் மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் தங்கியிருந்தபோது 1824இல் நிறைவுற்றது. அடிநீளம் மாறிமாறி வரும் இயைபுச் செய்யுளில், பேச்சுமொழியின் ஓட்டம் குன்றாமல் அமைந்தது அது. மூன்றாண்டுகளுக்குப் பின் மாஸ்கோ திரும்பும் சாத்ஸ்கி, தான் விரும்பிய பெண் தந்தையின் பணிவுமிக்க எழுத்தனை நாடுவதைக் காண்கிறான். உயர்குடியினரின் போலிமையைச் சாடுகிறான். பித்தன் எனப் பெயர் பெற்று வெளியேறுகிறான். அவனுடைய நீண்ட உரைகளையே திறனாய்வாளர் பெரிதும் போற்றினர். ஆயினும், சினத்தில் உதிர்ந்த ஒரு சொல் ஒரே மாலைப்பொழுதில் வாய்க்கு வாய் வளர்ந்து ஊரார் தீர்ப்பாகும் மூன்றாம் அங்கமே நாடகத்தின் உச்சம் எனல் தகும். தணிக்கையாளர் சில பகுதிகளை மட்டும் சிதைத்து வெளியிட இசைந்தனர். நாடகமோ கையெழுத்துப் படிகளாக நாடெங்கும் பரவியது. அதன் அடிகள் பல பழமொழிகளாயின.

1825 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, 1826 ஜனவரியில் குரோஸ்னி கோட்டையில் கைது செய்யப்பட்டார். யெர்மோலோவ் முன்னரே எச்சரித்தமையால், ஐயத்துக்குரிய தாள்களை எரித்துவிட வாய்ப்புக் கிடைத்தது என்பர். சில மாதக் காவலுக்குப் பின் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

அவ்வாண்டே ரஷ்ய-பாரசீகப் போர் மூண்டது. 1828 பிப்ரவரியில் துருக்மன்சாய் உடன்படிக்கையோடு அது முடிவுற்றது. பேச்சுவார்த்தையிலும் வாசக அமைப்பிலும் கிரிபயேதோவுக்குப் பெரும்பங்கு உண்டு. எரிவான், நக்சிவான் பகுதிகள் ரஷ்யா வசமாயின. பாரசீகம் 10 குரூர், அதாவது 2 கோடி வெள்ளி ரூபிள், தண்டம் செலுத்த வேண்டியதாயிற்று. (இந்தியக் 'குரோர்' என்னும் சொல்லே பாரசீகத்தில் 'குரூர்' ஆயிற்று, அங்கு அது குறித்தது ஐந்து இலட்சத்தையே.) சிறைப்பட்டோரைத் திருப்பியனுப்புதலும் விதிகளுள் ஒன்று. உடன்படிக்கையைத் தலைநகருக்குக் கொணர்ந்தவரையே அதனை நிறைவேற்றும் தூதராக அரசு அமர்த்தியது. செல்லும் வழியில், திஃப்லிஸில் ஜார்ஜியக் கவிஞர் அலெக்சாண்டர் சாவ்சவாத்ஸேயின் மகள் நினோவை மணந்தார். மணமகளுக்கு அப்போது பதினாறு வயதும் நிறையவில்லை. கருவுற்றிருந்த மனைவியைத் தப்ரீஸில் விட்டுத் தெஹ்ரான் சென்றார்.

அங்கு ஷாவின் அந்தப்புர அலுவலராயிருந்த மிர்சா யாகூப் தூதரகத்தில் அடைக்கலம் வேண்டினார். எரிவானிலிருந்து முன்னர்ச் சிறைபிடிக்கப்பட்ட அர்மேனியர் அவர். ஷாவின் மருமகன் அல்லாயார் கானின் இல்லத்திலிருந்து அர்மேனியப் பெண்கள் இருவரும் அழைத்து வரப்பட்டனர். உடன்படிக்கையின்படி கிரிபயேதோவின் நிலைப்பாடு வழுவற்றது. ஆனால் அரண்மனையின் உள்மறைகள் அனைத்தும் அறிந்த ஒருவரை அயலரசிடம் விடுதல் ஷாவுக்குத் தாங்கொணாத் தலைக்குனிவு. தண்டத்தொகையின் சுமையோ மக்கள்மேல் விழுந்திருந்தது. எனவே அம்மக்களின் சினத்தை வெறும் சமயவெறி என ஒதுக்குதல் முறையன்று. ஆங்கிலேயர் தூண்டுதல் என ரஷ்யாவில் எழுந்த ஐயமும் மெய்ப்பிக்கப்படவில்லை. சட்டம் தந்த உரிமையை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்னும் கணிப்பில் அவர் தவறினார் எனலாம். அடைக்கலம் புகுந்தவரைக் கைவிட அவர் இசையவில்லை என்பதும் அதே அளவு உண்மை. 1829 பிப்ரவரி 11 அன்று, சமயத் தலைவர் மிர்சா மசீஹின் சொற்கேட்டுத் திரண்ட கூட்டம் தூதரகத்துள் புகுந்தது. தூதரும் அவரைச் சார்ந்தோருமாக 37 பேர் மாண்டனர். தூதுக்குழு அதிகாரிகளுள் உயிர் தப்பியவர் செயலர் மால்த்சோவ் ஒருவரே. சிதைந்த உடலைப் பழைய கைத்தழும்பே அடையாளம் காட்டியது.

பாரசீக இளவரசர் கோஸ்ரோ மிர்சா பீட்டர்ஸ்பர்க் சென்று மன்னிப்புக் கோரினார். அவர் கொணர்ந்த காணிக்கைகளுள் ஒன்றாகக் கூறப்படும் 'ஷா' வைரம் இந்தியாவில் கிடைத்தது. அகமதுநகர் அரசர், ஷாஜகான், ஃபத் அலி ஷா ஆகிய மூவர் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. துருக்கியோடு போரில் ஈடுபட்டிருந்த ஜார் முதலாம் நிக்கோலாஸ் மறுபோரை விரும்பவில்லை. தண்டத்தில் ஒரு குரூரைத் தள்ளுபடி செய்து, மற்றொன்றின் தவணையை நீட்டித்தார்.

உடல் மாட்டுவண்டியில் திஃப்லிஸுக்கு வந்தது. வழியில் அவ்வண்டியைத் தாம் எதிர்கொண்டதாகப் புஷ்கின் தம் அர்ஸ்ரூம் பயணநூலில் எழுதியுள்ளார். அதனை ஐயுறும் ஆய்வாளரும் உளர். குறைப்பேறாகப் பிறந்த குழந்தை உயிர் பிழைக்கவில்லை. நினோ மறுமணம் செய்யாமல் 1857 வரை வாழ்ந்து, மதாட்ஸ்மிந்தா குன்றில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். நாடகம் 1833இல் வெட்டுகளோடு அச்சேறியது. ரஷ்யாவில் அதன் முழுவடிவம் 1862இல்தான் வெளிவந்தது.