சுங்கை சிப்புட் தந்த துன் சம்பந்தன்



பரிசளிப்பு விழா மலர் என்றால் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இருக்கத்தானே வேண்டும்? இம்முறை கடல் கடந்து போகாமல், நம்ம நாட்டிலேயே ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த துன் வீ. தி. சம்பந்தனை எடுத்துக்கொண்டேன்.

1919 ஜூன் 16-இல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்துத் தோட்ட முதலாளியாக உயர்ந்தவர். பிள்ளை கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து, சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். காந்தியடிகளின் வழி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

இனி ஒரு தேதியைக் கவனியுங்கள், பிள்ளைகளே. 1948 ஜூன் 16. அவருக்கு அன்று 29 வயது நிறைகிறது. அதே நாளில், அதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில், மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து மூண்டதுதான் 1960 வரை நீடித்த அவசரகாலம்.

அந்தக் காலத்தை நம்ம தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. இருட்டினால் ஊரடங்கு. பால்வெட்டப் போகிறவர் ஒரு பொட்டலம் சோறு கொண்டுபோனாலும் வாசலிலே சோதனை. வாலிபப் பிள்ளைகள் பாடுதான் பெரும்பாடு. காட்டிலிருந்து ஒருவன் கூப்பிடுவான், போனால் திரும்பி வர முடியாது. போகாமல் இருந்தாலும் போலீசுக்குச் சந்தேகம். இரண்டு பக்கமும் இடி என்பது மத்தளத்துக்கு மட்டும் இல்லை!

துப்பாக்கிச் சத்தம் ஓயாத அந்த ஊரில் சம்பந்தன் ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பினார். மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயர் வைத்தார். 1954-இல் அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி அவர். உலக சமாதானம் பேசிய அம்மையார் சுங்கை சிப்புட்டுக்கு வந்து தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளியைத் திறக்கிறார் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்காதா? பயந்து கிடந்த ஊரில் பிள்ளையின் கையில் சிலேட்டைக் கொடுத்தது சின்ன வேலை இல்லை என்பது என் எண்ணம்.

1955-இல் ம.இ.கா. தலைவரானார், தேர்தலில் வென்று அமைச்சருமானார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல பொறுப்புகள். அவற்றையெல்லாம் இங்கே விரிக்கவில்லை. சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது.

தோட்டத் துண்டாடலைத்தான் சொல்ல வேண்டும். சுதந்திரம் நெருங்கிய காலத்தில் வெள்ளைக்காரர் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தலைமுறையாக இருந்த குடும்பங்களுக்கு வேலையும் போச்சு, லயமும் போச்சு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கும் அப்பனைப் பார்த்து வளரும் பையன் மனத்தில் என்ன முளைக்கும்?

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பெரட்டுக் களத்தில் நின்று பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சும்மா இல்லை. இது நடக்கிற காரியமா என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் 1961-இலேயே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிவிட்டது. பால்வெட்டுகிறவரே தோட்டத்தின் பங்குதாரர்!

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்சிக்குள் பூசல் நீண்ட காலம் புகைந்தது. 1973-இல் தலைமைப் பதவியை விட்டார். 1969-க்குப் பின் வேலை பெர்மிட் கெடுபிடியில் குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அதை அவராலும் தடுக்க முடியவில்லை. அந்த மனத்தாங்கல் பல குடும்பங்களில் ரொம்ப நாள் இருந்தது.

1969 மே 13 கலவரம் நாட்டையே உலுக்கியது. 1972-இல் தேசிய ஒற்றுமை அமைச்சர் பொறுப்பு சம்பந்தனிடம் வந்தது. பிறகு தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராக இருந்தார். கலவரம் நடந்த நாட்டில் அண்டை வீட்டாரை மறுபடி நம்ப வைக்கிற வேலை அது. கைதட்டல் கிடைக்காத வேலை. 1975-இல் ருக்குன் தெத்தாங்கா வந்தது. மலாய், சீன, தமிழ் இளைஞர்கள் ஒன்றாக டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டு இரவுக் காவல் சுற்றினார்கள். முதலில் முணுமுணுத்தார்கள். ஒரே கொட்டகையில் விடியவிடியக் காப்பி குடித்தால் பேர் தெரியாமலா போகும்?

1979 மே 18-இல் துன் சம்பந்தன் காலமானார். அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. அப்பா விட்டுப்போன சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்விலேயே கரைந்திருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சாலைக்குப் பின்னர் அவர் பெயரை வைத்தார்கள். 2007-இல் நம்ம பத்தாங் பெர்ஜுந்தாய் பெஸ்தாரி ஜெயா ஆனது. சுங்கை சிப்புட் கலாசாலையின் பெயர் மட்டும் மாறவில்லை. அங்கே காலையில் இன்னும் மணி அடிக்கிறது.