மனநலத் தொண்டர் கிளிஃபர்டு பீயர்ஸ்

உடல் நோயுற்றாரைக் கண்டால் இரங்குவது உலக இயல்பு. உள்ளம் நோயுற்றாரைக் கண்டாலோ, உலகம் நெடுங்காலம் அஞ்சி விலகிற்று, எள்ளி நகைத்தது, அறையில் அடைத்துப் பூட்டியும் வைத்தது. மனநோயும் நோயே, அன்பும் மருத்துவமும் ஒருங்கே வாய்ப்பின் அதனின்றும் மீளலாம் என்பதைத் தம் வாழ்க்கையாலேயே உணர்த்தியவர் கிளிஃபர்டு பீயர்ஸ் ஆவார்.

அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரில் 1876ஆம் ஆண்டு பீயர்ஸ் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1897இல் பட்டம் பெற்றார். அவர் இளைஞராயிருந்தபோது தமையன்மாருள் ஒருவரை வலிப்பு நோய் பற்றியது. அந்நோய் தம்மையும் பற்றுமோ என்ற அச்சம் அவர் நெஞ்சிற் புகுந்தது. அதனைப் பெரும்பாலும் தம்முள்ளேயே அடக்கி வைத்தார். அடக்கிய அச்சம் நாளுக்கு நாள் வளர்ந்தது. 1900ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முற்பட்டார்; நற்பேறாகப் பிழைத்தார்.

உடற்புண் ஆறிற்று, உள்ளப்புண் ஆறவில்லை. தம்மைச் சூழ்ந்தோர் அனைவரும் ஒற்றர் என்றும், காண வரும் உறவினர் மாற்றுருக் கொண்ட வஞ்சகர் என்றும் அவர் எண்ணினார். பேச்சையும் ஒழித்தார். ஆயினும் அவருடைய தமையனார் ஜார்ஜ், தம்பி முகங்கொடுத்துப் பேசாதபோதும், மருத்துவமனைக்கு வந்து காண்பதை விட்டாரல்லர்.

ஒருநாள் பீயர்ஸ், தமையனாருக்கு மறைவாகக் கடிதம் எழுதித் தாமே அஞ்சலிற் சேர்த்தார். வருபவர் மெய்யான தமையனாயின் அக்கடிதத்தையே அடையாளமாகக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் கருத்து. 1902 ஆகஸ்டு 30ஆம் நாள் ஜார்ஜ் வந்தார்; தம்பியின் கையைப் பற்றினார்; கடிதத்தை எடுத்துக் காட்டினார். அந்நொடியே 798 நாள் சூழ்ந்திருந்த ஐயவிருள் அகன்றது.

எனினும், மீட்சி ஒரே நாளில் நிறைவெய்தவில்லை. சோர்வு நீங்கிய உள்ளம் அளவிறந்த கிளர்ச்சி கொண்டது. கைகளை இறுகப் பிணிக்கும் சட்டையும், குளிர்ந்த தனியறையும், ஏவலர் சிலரின் அடியும் அவருக்குக் கிடைத்தன. வாய்விட்டுச் சொல்லவியலாத எண்ணற்றோர் இத்துன்பங்களுக்கு ஆளாவதைக் கண்டார். அவர்களுக்காகப் பேசுதல் தம் கடன் எனத் துணிந்தார்.

1903இல் நலம் பெற்று வெளிவந்த பீயர்ஸ், பட்டறிந்தவற்றை நூலாக எழுதினார். பித்தர் என்னும் பெயர் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்ளுமே என அஞ்சித் தம் பெயரை மறைத்தாரல்லர். அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் கையெழுத்துப் படியைப் படித்து ஊக்கமளித்தார். 1908இல் நூல் வெளிவந்தது. அவ்வாண்டே கனெக்டிகட்டில் மனநலச் சங்கம் ஒன்றைப் பீயர்ஸ் நிறுவினார். மறு ஆண்டில் நாடு முழுமைக்குமான மனநலக் குழு தோன்றிற்று. 1913இல் நியூ ஹேவனில் மனநல மருந்தகம் ஒன்று அவர் முயற்சியால் அமைந்தது. நோயாளர் தம் வீட்டிலும் ஊரிலும் வாழ்ந்துகொண்டே அங்குச் சென்று மருத்துவம் பெறலாயினர்.

முதுமையில் நோய் மீண்டும் அவரை வருத்தியது. அவர் நாணவில்லை, தாமே விரும்பி மருத்துவமனை புகுந்தார். 1943இல் உலக வாழ்வை நீத்தார். பத்தாண்டுகளுக்குப் பின்னர், மனநோயாளரைப் பிணித்திருந்த பழைய விலங்குகளை உருக்கி, அவர் நிறுவிய குழுவின் வழிவந்த சங்கத்தார் மணியொன்று வார்த்தனர். துன்பம் தந்த இரும்பு, நம்பிக்கையின் ஓசையாயிற்று.

மாணவர்களே! நம்மிடையேயும் பேச்சொழிந்து, தனித்து ஒதுங்கி, அஞ்சி வாடுவோர் இருத்தல் கூடும். அவர்களை நகையாதீர், அருகிலமர்ந்து பொறுமையுடன் கேளுங்கள், பெரியோரிடமும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் உள்ளமே வாடினும் மறைக்காது சொல்லுங்கள். ஜார்ஜ் மருத்துவரல்லர், கைவிடாத தமையன். அத்தகைய ஒருவராக இருத்தல் நம் அனைவர்க்கும் இயலும்.