பெரிய படை இருந்தும் தோற்றவர்!



கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் முப்பது பேர், மறுபக்கம் பத்துப் பேர் நின்றால் யார் ஜெயிப்பார்கள்? முப்பது பேர்தான் என்று சட்டென்று சொல்லி விடுவீர்கள். ஆனால், சீனாவில் அப்படி நடக்கவில்லை. அந்த முப்பது பேர் பக்கம் நின்ற தலைவர்தான், சியாங் கை-ஷேக்.

1887ல், ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள ஷிகோவ் என்ற ஊரில், உப்பு வியாபாரியின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்தான் கஷ்டப்பட்டு வளர்த்தார். ஜப்பானுக்குச் சென்று ராணுவப் பயிற்சி பெற்றார். சீனக் குடியரசின் தந்தையான சன் யாட்-சென்னின் நம்பிக்கையைப் பெற்று, 1924ல் வாம்போவா ராணுவப் பள்ளியின் தலைவரானார்.

அந்நாளில் தளபதிகள் பலர், சீனாவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆண்டு வந்தனர். 1926ல் படையோடு வடக்கே புறப்பட்ட சியாங், இரண்டே ஆண்டுகளில் பலரை வென்றார். சிலரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். நான்ஜிங் நகரம் தலைநகரானது. ஆனால், 1927ல், அதுவரை உடன் இருந்த கம்யூனிஸ்டுகளை ஷாங்காய் நகரில் கொன்று குவித்தார். அன்று விழுந்த பகை தீரவே இல்லை.

1937ல் ஜப்பான் படையெடுத்ததும், இரு தரப்பும் சேர்ந்து எதிர்த்தன. அந்தப் போரின் நடுவே, 1942ல் சியாங் நம் நாட்டுக்கும் வந்தார். கல்கத்தாவில் காந்திஜியைச் சந்தித்தார்.

ஜப்பான் தோற்றபின், 1946ல் உள்நாட்டுப் போர் மூண்டது. மாவோவின் படையைவிட சியாங்கின் படை ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது. விமானங்களும், அமெரிக்க ஆயுதங்களும் அவரிடம் இருந்தன. பிறகு ஏன் தோற்றார்?

நகரங்கள்தான் அவர் கையில் இருந்தன, கிராமங்கள் இல்லை. மாவோவின் ஆட்கள், பண்ணையார்களின் நிலத்தை எடுத்து ஏழைகளுக்குப் பங்கிட்டனர். அதனால், விவசாயிகள் அவர்கள் பக்கம் சாய்ந்தனர். வடகிழக்கில் ரயில் பாதைகள் துண்டிக்கப்பட்டன. நகரங்கள் தீவுகள் போலத் தனித்து நின்றன.

அரசிடம் பணம் இல்லை. நோட்டுகளை அச்சடித்துத் தள்ளியது. விலைவாசி விண்ணை முட்டியது. 1948 ஆகஸ்டில் புதிய நோட்டு வந்தது. அந்த ஒரு நோட்டைப் பெற, எத்தனை பழைய நோட்டு தர வேண்டும் தெரியுமா? முப்பது லட்சம்! சில மாதங்களில் புதிய நோட்டும் மதிப்பிழந்தது. அதிகாரிகள் பலர் லஞ்சத்தில் திளைத்தனர். மக்கள் வெறுத்துப் போயினர்.

அந்த ஆண்டின் இறுதியில் நடந்த ஹுவாய்ஹாய் போரில், லட்சக்கணக்கான விவசாயிகள் தள்ளுவண்டிகளில் மாவோவின் படைக்கு உணவு கொண்டு சென்றனர். சியாங்கின் படையிலோ, பலர் கூட்டம் கூட்டமாக எதிரியுடன் சேர்ந்தனர். 1949 ஏப்ரலில் நான்ஜிங் வீழ்ந்தது. டிசம்பரில், சியாங் விமானம் ஏறித் தைவான் தீவுக்குச் சென்றார்.

அங்கே என்ன செய்தார் தெரியுமா? நிலக் குத்தகையைக் குறைத்தார். உழுபவருக்கே நிலம் கிடைக்கச் சட்டம் கொண்டு வந்தார். தைவான் விவசாயிகள் தலைநிமிர்ந்தனர். ஆனால், எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையில் அடைத்தார். 1949ல் வந்த ராணுவச் சட்டம், 1975ல் அவர் இறக்கும் வரை விலக்கப்படவே இல்லை.

தைவானில் செய்த நிலச் சீர்திருத்தத்தை, சீனாவிலேயே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிந்தித்துப் பாருங்கள், குழந்தைகளே! படை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. மக்கள் மனதிலும் இடம் வேண்டும்.