ஒன்றரை டாலரில் ஒரு பள்ளிக்கூடம்



உங்கள் பள்ளிக்கூடத்தில் குடிநீர்த் தொட்டியிலோ, வகுப்பறைச் சுவரிலோ, சில சமயம் மின்விசிறியின் இறக்கையில்கூட, இன்னார் உபயம் என்று எழுதியிருக்கும். பார்த்திருப்பீர்கள். மின்விசிறி சுற்றும்போது அந்தப் பெயரைப் படிக்க முடியாதே என்று சிரித்தும் இருப்பீர்கள். ஆனால் அதைக் கொடுத்தவரிடம் போய்க் கேட்டவர் யார் என்று யோசித்ததுண்டா? யாரோ ஒரு தலைமையாசிரியர் வெயிலில் நடையாய் நடந்து, பலமுறை வாசலில் காத்து நின்று, வெட்கத்தை விட்டுக் கேட்டிருப்பார். அவர் பெயர் எந்த இறக்கையிலும் இருக்காது.

அப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு பள்ளியை உருவாக்கியவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் மேரி மெக்லியோட் பெத்தூன். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்மணி.

1875-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், தெற்கு கரோலினா மாநிலத்தில் மேய்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே மேரி பிறந்தார். வீட்டில் மொத்தம் பதினேழு குழந்தைகள். மேரி பதினைந்தாவது! தந்தை சாமுவேலும் தாய் பாட்சியும் அடிமைகளாக இருந்தவர்கள். ஆடுமாடுகளைப் போல மனிதர்களை விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. 1865-இல் அந்தக் கொடுமை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் உழைத்துச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிப் பருத்தி பயிரிட்டது. மேரியும் பருத்தி பறித்தே வளர்ந்தாள்.

ஒரு நாள் அம்மாவோடு ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குத் துவைத்த துணிகளைக் கொடுக்கப் போனாள். அங்கே ஒரு புத்தகம் கிடந்தது. ஆசையாகக் கையில் எடுத்தாள். அந்த வீட்டுச் சிறுமி, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, கீழே வை என்று சொல்லிவிட்டாள். மேரிக்கு முகம் சுண்டிப் போனது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் மனத்தில் ஒரே எண்ணம். எப்படியாவது படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்!

ஆனால் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? கறுப்பினக் குழந்தைகளுக்கு அந்தப் பகுதியில் பள்ளியே கிடையாது. சில ஆண்டுகள் கழித்துக் கிறிஸ்தவ சபையினர் ஒரு சிறு பள்ளி திறந்தார்கள். எம்மா வில்சன் என்ற ஆசிரியை வந்தார். வீட்டிலிருந்து பள்ளி எட்டு கிலோமீட்டர். இத்தனை பிள்ளைகளில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலையில் மேரிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. தினமும் நடந்தே போய் வந்தாள். பகலில் படித்ததை மாலையில் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்கப் பணம் இல்லை. மறுபடியும் பருத்திக் காடுதான் என்றிருந்தபோது ஒரு செய்தி வந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், டென்வர் என்ற ஊரில் மேரி கிரிஸ்மன் என்ற பெண்மணி இருந்தார். துணி தைத்துச் சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்து, யாராவது ஒரு கறுப்பினச் சிறுமியின் படிப்புக்கு என்று அனுப்பியிருந்தார். அவருக்கு நம் மேரியைத் தெரியாது, பார்த்ததும் இல்லை. ஆசிரியை வில்சன் மேரியின் பெயரைச் சொன்னார். மேரி ரயிலேறிய நாளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்களாம்!

அந்தத் தையல்காரப் பெண்மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பின்னால் ஒரு தையல் மெஷினும் வரப் போகிறது.

மேரி 1894 வரை வடக்கு கரோலினாவில் படித்தார். பிறகு சிகாகோவில் படித்தார். ஆப்பிரிக்காவுக்குப் போய்த் தொண்டு செய்ய விரும்பினார். கறுப்பினத்தவருக்கு அங்கே இடம் இல்லை என்று சபையினர் மறுத்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்குப் போக ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இடமில்லை என்றால் என்ன நியாயமோ! மேரி மனமுடைந்து போனார். பிறகு ஆசிரியையாகச் சில பள்ளிகளில் வேலை பார்த்தார். ஆல்பர்ட்டஸ் பெத்தூன் என்பவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான்.

1904-இல் புளோரிடா மாநிலத்தின் டேடோனா என்ற கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பகுதியில் ரயில் பாதை போடும் வேலை நடந்து கொண்டிருந்தது. கறுப்பினத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பிள்ளைகள் தெருவில் சுற்றிக் கொண்டிருந்தார்கள். வெள்ளையருக்குத் தனிப் பள்ளி, கறுப்பருக்குத் தனிப் பள்ளி என்று பிரித்து வைத்திருந்த காலம். கறுப்பருக்கான பள்ளிகளுக்கு அரசாங்கம் செலவிட்ட தொகையோ மிகவும் சொற்பம். நாமே ஒரு பள்ளி தொடங்கினால் என்ன என்று மேரி நினைத்தார்.

அவர் கையிலிருந்த பணம் ஒன்றரை டாலர். அவர் பார்த்து வைத்த சின்ன வீட்டின் வாடகை மாதம் பதினொரு டாலர். கணக்கு ஒத்து வருகிறதா? வரவில்லை அல்லவா! வீட்டுக்காரரிடம் பேசினார். மீதியைப் பிறகு தருகிறேன் என்றார். அவரும் நம்பி வீட்டைக் கொடுத்தார். பள்ளிக்குக் கிடைத்த முதல் உதவி அந்த நம்பிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1904 அக்டோபர் 3. ஐந்து சிறுமிகளோடு பள்ளி தொடங்கியது. மேரியின் மகனையும் சேர்த்தால் ஆறு பேர். மேசைக்குப் பதில் மரப் பெட்டிகள், பென்சிலுக்குப் பதில் கரிந்துபோன குச்சிகள், மைக்குப் பதில் காட்டுப் பழங்களை நசுக்கிப் பிழிந்த சாறு. ஊர்க் குப்பைமேட்டிலும், ஓட்டல்களின் பின்புறம் கொட்டிய குப்பையிலும் மேரி தேடுவார். கால் உடைந்த நாற்காலி, விரிசல் விட்ட தட்டு, கிழிந்த துணி எல்லாவற்றையும் எடுத்து வந்து தேய்த்துக் கழுவி, ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தினார்கள். கட்டணம் வாரத்துக்கு ஐம்பது சென்ட், அதாவது அரை டாலர். கொடுக்க முடியாதவர்களை வெளியே அனுப்பவில்லை.

இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் மாணவிகள் எண்ணிக்கை 250 ஆகிவிட்டது. அந்தச் சின்ன வீடு என்ன செய்யும்? சொந்த இடம் வேண்டும். குப்பை கொட்டும் ஒரு நிலம் இருந்தது. நரகக் குழி என்பது அதற்கு ஊரார் வைத்திருந்த பெயர்! சொந்தக்காரர் 250 டாலர் கேட்டார். மேரி பேசிப் பேசி 200-க்குக் கொண்டு வந்தார். முன்பணம் ஐந்து டாலர், மீதி இரண்டு ஆண்டுகளில் என்று முடிவாயிற்று. ஒரு விஷயம் மட்டும் அந்த மனிதருக்குத் தெரியாது. அந்த ஐந்து டாலரும் அப்போது மேரியிடம் இல்லை!

சர்க்கரைவள்ளிக்கிழங்கு உங்களுக்குத் தெரியும். அதை மசித்து, இனிப்புச் சேர்த்து, மாவுக் கிண்ணம்போலச் செய்து அதற்குள் வைத்துச் சுடும் பலகாரத்துக்குப் பை என்று பெயர். (துணிப்பை இல்லை, சாப்பிடும் பை!) அதையும் ஐஸ்கிரீமையும் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோய் மேரி விற்றார். வியர்வை சொட்ட நின்ற கூலியாட்கள் சில்லறைக் காசு கொடுத்து வாங்கித் தின்றார்கள். சேர்ந்த காசைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய் நிலச் சொந்தக்காரரிடம் கொடுத்தார். ஐந்து டாலரும் சில்லறையாகவே போயிற்று.

நிலம் வந்துவிட்டது. கட்டடத்துக்கு? மேரி ஊரிலுள்ள தச்சர், கொத்தனார், பூச்சு வேலைக்காரர் எல்லாரிடமும் போனார். பணம் கேட்கவில்லை. மாலையில் சில மணி நேரம் வந்து வேலை செய்து கொடுங்கள் என்றார். பதிலுக்குச் சாப்பிட ரொட்டி தருவேன், உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்புத் தருவேன், விரும்பினால் உங்களுக்கும் சொல்லித் தருவேன் என்றார். எப்படி யோசனை! பணம் இல்லாதவரிடமும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். இப்படி எழும்பிய மரக் கட்டடத்துக்கு நம்பிக்கை இல்லம் என்ற பொருளில் பெயர் வைத்தார். 1907-இல் திறந்தார்கள்.

ஆனாலும் சில்லறையை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய பள்ளியை நடத்த முடியாதே. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரும் செல்வர்கள் டேடோனா பக்கம் வந்து தங்குவார்கள். மேரி பழைய சைக்கிளில் புழுதிச் சாலையெல்லாம் சுற்றி அவர்கள் வீட்டு மணியை அடித்தார். கடிதம் எழுதினார். துண்டறிக்கை கொடுத்தார். மாணவிகளை அழைத்துப்போய் ஓட்டல்களில் பாட வைத்தார். இல்லை என்று சொன்னவர்களுக்கும், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று சொல்லிவிட்டே திரும்பினார்.

ஜேம்ஸ் கேம்பிள் என்ற சோப்புக் கம்பெனி முதலாளிக்கும் கடிதம் எழுதினார். பிராக்டர் அண்டு கேம்பிள் என்ற பெயரை இன்று கடைச் சாமான்களில் நீங்கள் பார்க்கலாம், அதே குடும்பம்தான். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார். மேரியிடம் கைக்கடிகாரம் இல்லை. ஒரு தோழியிடம் கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். சீக்கிரம் போய்விட்டார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்று, முள் சரியாகப் பன்னிரண்டைத் தொட்டதும் போய் மணியை அடித்தார்!

கேம்பிள் பள்ளியைப் பார்க்க வந்தார். அவரை அறங்காவலராக, அதாவது பள்ளிக்குப் பொறுப்பாளர்களில் ஒருவராக, இருக்கும்படி மேரி கேட்டிருந்தார். அவர் கண்ணில் பட்டதோ பெட்டிகளும் ஒட்டுப்போட்ட சாமான்களும்தான். நான் பொறுப்பேற்க வேண்டிய பள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது என் மனத்தில் இருக்கிறது என்றார் மேரி. கேம்பிள் சம்மதித்தார். கடைசிவரை பள்ளிக்குத் துணை நின்றார்.

இன்னொரு நிகழ்ச்சி. ஒரு பெரிய ஓட்டலில் மேரி கூட்டம் ஏற்பாடு செய்தார். செல்வர்கள் திரண்டு வருவார்கள் என்று நினைத்தார். வந்தவர்கள் ஆறே பேர்! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மேரிக்கும் மனம் சோர்ந்துதான் போனது. ஆனால் அறுநூறு பேர் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினார். முடிந்ததும் ஒருவர் இருபது டாலர் நோட்டைப் போட்டார்.

மறுநாள் அந்த மனிதர் பள்ளிக்கே வந்துவிட்டார். தாமஸ் ஒயிட் என்று பெயர் சொன்னார். மேரிக்கு அவர் யாரென்று தெரியவில்லை. தரையில் கிடந்த பாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். குப்பைமேட்டிலிருந்து என்றார் மேரி. சமையலறையில் ஒரு பெட்டி சோள மாவு இருந்தது. வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். இப்போதைக்கு இதுதான் என்றார். பணமில்லாமல் பாதியில் நின்ற ஒரு கட்டடத்தையும் பார்த்தார். மேரி எதையும் மறைக்கவில்லை. விருந்தாளி வருகிறார் என்று திரை போட்டு மூடவும் இல்லை. கடைசியாகத் தையல் வகுப்பு. அங்கே ஓட்டை உடைசலான ஒரு சிங்கர் தையல் மெஷினில் மாணவிகள் தைத்துக் கொண்டிருந்தார்கள்.

ஒயிட் 250 டாலருக்குக் காசோலை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் புத்தம்புதிய தையல் மெஷினோடு வந்தார். அப்போதுதான் மேரிக்கு விஷயம் தெரிந்தது. அவர் சிங்கர் கம்பெனிக்குப் போட்டியாகத் தையல் மெஷின் தயாரித்த ஒயிட் கம்பெனியின் முதலாளி! பிறகு தச்சர்களையும் பூச்சு வேலைக்காரர்களையும் அழைத்து வந்து பாதியில் நின்ற கட்டடத்தை முடித்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் கம்பளி வாங்கி வந்தார். இறக்கும்போது 67,000 டாலரைப் பள்ளிக்காக எழுதி வைத்தார். முதலைத் தொடாமல், பள்ளி உள்ளவரை வட்டி மட்டும் வந்து கொண்டிருக்கும்படி ஏற்பாடு.

இத்தனை பேரிடம் கையேந்தினாரே, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருந்திருக்குமே என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளியில் கூட்டம் நடக்கும். மாணவிகள் பாடுவார்கள். வெள்ளைக்காரச் செல்வர்களும் கேட்க வருவார்கள். ஊர் முழுவதும் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம் என்று பிரித்து உட்கார வைத்த காலத்தில், மேரி தம் பள்ளியில் அப்படிப் பிரிக்க மறுத்துவிட்டார். காசோலை கொடுப்பவரும் பை வாங்கித் தின்ற தொழிலாளியும் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். இதனால் யாராவது கோபித்துக்கொண்டு பணத்தை நிறுத்திவிட்டால்? அந்த ஆபத்து ஒவ்வொரு ஞாயிறும் இருந்தது. தெரிந்தேதான் செய்தார்.

1923-இல் குக்மன் என்ற ஆண்கள் பள்ளியும் இதனோடு சேர்ந்தது. 1931-இல் பெத்தூன்-குக்மன் கல்லூரி என்று பெயர் பெற்றது. அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சியில் மேரி அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தார். அதிபரின் மனைவி எலினார் அவருடைய நெருங்கிய தோழி. அந்தக் கதைகளைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. 2007-இல் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமானது. 2022-இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் புளோரிடா மாநிலத்தின் சார்பில் மேரியின் பளிங்குச் சிலையை வைத்தார்கள். மாநிலங்களின் சார்பில் அங்கே வைத்த சிலைகளில் கறுப்பினத்தவர் ஒருவரின் சிலை அதுதான் முதல்.

தையல் மெஷின் கொடுத்த ஒயிட்டின் பெயரில் அந்த வளாகத்தில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. சில்லறை கொடுத்துப் பை வாங்கித் தின்ற தொழிலாளிகளின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. மேரி 1955 மே 18-ஆம் நாள் காலமானார். அந்த வளாகத்திலேயே, தம் வீட்டுக்குப் பின்புறம், அவரை அடக்கம் செய்தார்கள்.